கல்லிலிருந்து அறுபது அடி

ஒரு மனையை அளக்க எனக்கு டேப் வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக வங்கிகளுக்கு வீடும் மனையும் மதிப்பிட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. நடந்தே அளந்துவிடுவேன், நான் எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டும் இரண்டரை அடி. வெயிலானாலும் மழையானாலும் அதில் ஒரு விரல்கடை கூடாது, குறையாது. பையில் நூறு அடி டேப் ஒன்று வைத்திருக்கிறேன், கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல். டேப்பை இழுத்துக்கொண்டு வாத்து மாதிரி குனிந்து குனிந்து போகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

பொதுவாகவே எனக்கு ஆட்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். என்ன செய்வது, தொழில் அப்படி. வீடு வாங்க வருகிறவன் இருக்கிறானே, அவன் சமையலறைக் குழாயைத் திறந்து மூடுவான், சுவரைத் தட்டுவான், ஜன்னலில் தலையை விட்டுக் காற்று வருகிறதா என்று பார்ப்பான். பத்திரத்தை மட்டும் படிக்க மாட்டான். கேட்டால் "அதெல்லாம் வக்கீல் பாத்துப்பார்" என்பான். வக்கீலைக் கேட்டால் "வங்கி பாத்துக்கும்" என்பார். வங்கியைக் கேட்டால் என்னைக் கைகாட்டும். ஆக, இந்த ஊரில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ரொம்ப நாளாக ஒரு நினைப்பு எனக்கு.

என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், குழாய் வேலை பார்க்கிறவர். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள். வேறு சொல்ல எதுவும் கிடைக்காத ஆளைப் பற்றி ஊர் அப்படித்தான் சொல்லும். பேச ஆரம்பித்தால் முதல் வாக்கியம் முடிவதற்குள் நான் நாலு வேலை முடித்துவிடலாம். யார் என்ன நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். அப்படிப் போட்டுவிட்டுத்தான் ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"மச்சான், ஒரு வீடு பாத்திருக்கேன். அட்வான்ஸும் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டு வந்து சொல்றீங்களா, சொல்லிட்டுக் குடுக்கணும்னு தோணலையா?"

"இல்ல... இன்னொருத்தர் வேற வந்து பாத்துட்டுப் போனார்னு சொன்னாங்க..."

அந்த 'இன்னொருத்தர்' இந்த ஊரில் விற்பனைக்கு வரும் எல்லா வீட்டையும் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். அவரை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. அத்தான் மாதிரி ஆட்கள் இருக்கும்வரை அவருக்குச் சாவே கிடையாது.

ஆனால் வீடு ஏன் அவசரம் என்பது எனக்கும் தெரியும். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே படுக்கை விரிப்பு இஸ்திரி போட்டவள். நின்ற காலுக்கு இரண்டு முழங்காலும் கூலியாகப் போயின. வாக்கர் பிடித்துத் தரையில் பத்து எட்டு நடப்பாள். படி ஏற முடியாது. அவர்கள் வாடகைக்கு இருந்ததோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கடைசி எட்டு மாதத்தில் அவள் தெருவுக்கு இறங்கியது நாலே தடவை. அந்த நாலு தடவையும் அத்தானும் எதிர்வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். இறங்கும்போது அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள், பயத்தில் இல்லை, வெட்கத்தில். உலகத்தில் நான் சிரிக்காத ஆள் அவள் ஒருத்திதான்.

அத்தான் பார்த்த வீட்டிலும் படுக்கையறை, குளியலறை இரண்டும் மாடியில்தான். கீழே ஒரு முன்னறை, ஒரு சமையலறை. "இதுக்குப் பதிலா அக்காவுக்கு ஒரு ஏணி வாங்கிக் குடுத்திருக்கலாமே" என்றேன். அவர் சிரித்தார். பின்னால் இடம் கிடக்கிறதாம். சமையலறைக் கதவை ஒட்டி ஒரு அறையும், அதற்குள்ளேயே குளியலறையும் கட்டிவிடலாமாம். குழாய் வேலை முழுக்க அவரே செய்வார், சுவருக்கு மட்டும் ஒரு கொத்தனார். பத்தடி போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். யோசனை மோசமில்லை என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தைப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில் பூதம் உட்கார்ந்திருந்தது.

இன்றிலிருந்து முப்பது வருஷத்துக்குள் இந்த மனையில் புதிதாகச் சுவரோ கூரையோ எழும்பினால், அதனால் மனையின் மதிப்பு எவ்வளவு உயர்கிறதோ அதில் சரிபாதியை விற்றவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ தொண்ணூறு நாளில் கொடுக்க வேண்டும். தவறினால் கட்டிடம் நிற்கும் இடம் அவருக்கே திரும்பிவிடும். இந்த மனையை அடுத்து யார் வாங்கினாலும் இதே நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

"இதைப் படிச்சீங்களா அத்தான்?"

"படிச்சேன் மச்சான். மேலோட்டமா."

"மேலோட்டமா படிக்கறதுக்கு இது என்ன பஸ் போர்டா? அக்காவுக்குக் குளியலறை கட்டினீங்கன்னா அதுல பாதி அந்தாளுக்கு. கதவைத் தட்டிட்டு உள்ள வந்து பாதிக் குளியல் குளிச்சிட்டுப் போவான், பாருங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. இப்போது சொல்ல நாக்கூசுகிறது, ஆனால் இருந்தது.

விற்கிறவர் ஓய்வுபெற்ற கட்டிட ஒப்பந்தக்காரர். ஊரில் அவருக்குப் பெயரே 'பாதி'. எந்த வேலையிலும் எந்தப் பேரத்திலும் பாதி கேட்பார். பின்பக்கம் புதுச் சாலை ஒன்று வரப்போகிறது என்று நகர அலுவலகத்தில் வரைபடம் மாட்டியிருந்தார்கள். வந்தால் அந்தக் கொல்லை நிலம் கடை மனையாகிவிடும். அதை இப்போது விற்றுக் காசாக்கவும் வேண்டும், நாளைக்கு விலை ஏறினால் அதிலும் பாதி வேண்டும். ஒரே மாட்டை விற்றுவிட்டு, பாலுக்கும் தினம் சொம்போடு வந்து நிற்பதைப் போன்ற ஆசை. நானும் அத்தானும் அவர் வீட்டுக்குப் பேசப் போனபோது தட்டில் பிஸ்கட் வைத்தார். தானும் ஒன்றை எடுத்தார், பாதியாக உடைத்தார், ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு மறு பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார். கர்மம் என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

நிபந்தனையை எடுக்க முடியுமா என்றதற்கு, "எடுத்துடலாம் தம்பி, விலைய ஒண்ணரை மடங்காக்கிடுங்க" என்றார்.

வங்கிக்குப் போனோம். கடன் பிரிவில் ஒரு அம்மாள், கண்ணாடி அறை, மேஜையில் ஒரு பிளாஸ்டிக் செடி. பேசிக்கொண்டே அந்தச் செடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார். உயிருள்ள எதற்காவது அவர் அவ்வளவு அக்கறை காட்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

"சார், உங்களுக்குத் தெரியாததில்ல. நாளைக்கு உங்க அக்காவால கட்ட முடியலைன்னா நாங்க இந்த வீட்டை வித்துத்தான் எடுக்கணும். இந்த வாலோட யார் வாங்குவா? பாதிய எவனுக்கோ குடுக்கறதுக்கு எவன் வருவான்? நிபந்தனை இருக்கற மண்ணை நாங்க அடமானம் எடுக்க மாட்டோம்."

"நிபந்தனை இல்லாத மண்ணுன்னா?"

"அதைத் தனியாப் பிரிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்."

சரியாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒப்பந்தத்தில் நாற்பத்தைந்து நாள் கெடு. அதற்குள் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் போகும், அதோடு அக்காவின் கீழ்த்தளமும் போகும். இன்னொரு அட்வான்ஸ் சேர்க்க அத்தான் இன்னும் எத்தனை வருஷம் குழாய்க்கடியில் படுத்துக் கிடக்க வேண்டுமோ. மூன்றாவது மாடியிலேயே அவள் காலம் முடிந்துவிடும். அக்கா எனக்குப் போன் செய்து, "உன்னால ஆகும்டா தம்பி. உனக்குத் தெரியாத பத்திரமா" என்றாள். மார்பு நிமிர்ந்துவிட்டது எனக்கு.

யோசனை என்னுடையதுதான், வேறு யார் மூளைக்கு எட்டும். மனை மொத்தம் நூற்றுப்பத்தடி நீளம். முன்னால் இருக்கும் அறுபதடி நிபந்தனை இல்லாமல். அதில் வீடும் அடக்கம், வங்கிக்கு அதை மட்டும் அடமானம் வைக்கலாம். பின்னால் ஐம்பதடி, பாதியாரின் நிபந்தனையோடு, நம் பெயரிலேயே சும்மா கிடக்கட்டும். சாலை வந்தால் அவர் கனவு காணும் விலை அந்தப் பின்பக்கத்துக்குத்தானே? வீட்டின் பின்சுவருக்கும் கோட்டுக்கும் நடுவில் பத்தடி கிடைத்தால் அக்காவின் அறை தாராளமாக நிற்கும். எல்லார் வாயிலும் இனிப்பு, யாருக்கும் பல்வலி இல்லை.

மனையிலேயே வைத்துப் பேசினோம். பாதியார் கேட்டில் சாய்ந்துகொண்டு கேட்டார். ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தார்.

"அறுபதடி எங்க இருந்து தம்பி?"

"எல்லைக் கல்லுல இருந்து. உங்க தாய்ப் பத்திரத்துலயே அப்படித்தான் இருக்கு. தெருப்பக்கம், கிழக்கு எல்லைக் கல்." பத்திரத்தை விரலால் தட்டிக் காட்டினேன். இந்த ஊரில் தாய்ப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தவன் நான்தான் என்று அவருக்கும் தெரியட்டுமே.

"கல்லுல இருந்தா?"

"கல்லுல இருந்துதான்."

"சரி. நீங்களே எழுதிடுங்க" என்றார். அவ்வளவு சுலபமாக மசிந்துவிட்டார். கிழவருக்கு மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பார்த்துத்தான் அத்தான் தெருவிலிருந்து உள்ளே வந்தார். வீட்டுக் கழிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க, வாசலில் சாக்கடையை மூடியிருந்த சிமெண்ட் பலகை ஒன்றைக் கிளப்பிப் பார்த்திருக்கிறார். முழங்கை வரை கறுப்பாக இருந்தது.

"மச்சான், அங்க சாக்கடைக்குள்ள ஓரமா ஒரு கல்லு..."

"அத்தான்..."

"இல்ல, எழுத்து மாதிரி ஏதோ வெட்டியிருக்கு. ஒரு தடவை வந்து..."

"அத்தான், சாக்கடைய நீங்க பாத்துக்கங்க. எல்லைய நான் பாத்துக்கறேன்."

பாதியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் தோளைத் தட்டி, "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார். அத்தானும் சிரித்தார், அசட்டுச் சிரிப்பு. பிறகு பலகையைத் திரும்ப மூடிவிட்டுக் கை கழுவப் போனார்.

கேட்டுத் தூணில் குதிகாலை வைத்து நடந்தேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கேட் ஒரே வரிசையில்தான் இருந்தது, எல்லை அதுதான் என்று குருடனுக்கும் தெரியும். எண்ணிக்கொண்டே முன்வாசல், முன்னறை, சமையலறை எல்லாம் கடந்து கொல்லைக்கு வந்தேன். வீட்டின் பின்சுவர் இருபதாவது எட்டில் வந்தது. ஐம்பதடி. அதற்கப்புறம் நாலு எட்டு. இருபத்து நாலாவது எட்டில் குதிகாலால் மண்ணைக் குத்தி, நாலு செங்கல்லை அடையாளம் வைத்தேன். பின்சுவருக்கு அப்பால் பத்தடி. கச்சிதம்.

அதோடு விட்டேனா? மிச்சத்தையும் நடந்து பார்த்தேன். கொல்லைக் கடைசிச் சுவர் வரை இருபது எட்டு வந்திருக்க வேண்டும், ஐம்பதடி. வந்தது பதினேழு எட்டும் கொசுறும்தான். ஏழடி குறைந்தது. பின்வீட்டுக்காரன் எப்போதோ சுவரைத் தள்ளிக் கட்டி விழுங்கியிருக்கிறான், அது கூடத் தெரியாமல் இந்தக் கிழவர் ஐம்பதடிக்குப் பாதி கேட்டுக் கனவு காண்கிறார் என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சொல்லவில்லை. குறைந்தால் அவருக்குத்தானே நஷ்டம்? அன்று ராத்திரி சாப்பிடும்போது கூட அந்த ஏழடியை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

வரைபடம் நானே போட்டேன். சொந்தக்காரன் என்பதால் நான் கையெழுத்துப் போட முடியாது. கூட வேலை பார்க்கிற ஒருவர் போட்டார். அவர் மனையை வந்து பார்க்கவில்லை. "நீங்க நடந்துட்டீங்கள்ல, அப்புறம் என்ன" என்றார். பிளாஸ்டிக் செடி அம்மாள் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு சார்" என்று முத்திரை குத்தினார். முப்பத்தொன்பதாவது நாள் பத்திரம் பதிவானது. பாதியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதையும் பாதியில் விட்டார் என்று அத்தானிடம் கேலி பேசினேன்.

அக்காவை நாற்காலியோடு கடைசித் தடவையாக இறக்கினோம். அன்று அவள் கண்ணை மூடவில்லை. புது வீட்டில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, யாரும் பிடிக்காமல், முன்னறை, சமையலறை எல்லாம் தாண்டிப் பின்கதவு வரை தானே போனாள். கதவில் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள்.

"எந்த எடம்டா?"

செங்கல்லைக் காட்டினேன்.

"அடேங்கப்பா, அவ்வளவு தூரமா? அப்பக் கட்டில் இந்தப் பக்கம். ஜன்னல் அங்க. ராத்திரியில நான் யாரையும் எழுப்பாம போயிட்டு வந்துடுவேன்" என்றாள். அறை கிடைத்ததில் இல்லை அவளுக்குச் சந்தோஷம், அந்தக் கடைசி வார்த்தையில் இருந்தது. கெட்டிக்காரத் தம்பி என்று என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

வேலை தொடங்கிப் பன்னிரண்டாம் நாள், சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. அத்தான் குளியலறைத் தரைக்கடியில் குழாய் பதித்து முடித்திருந்தார். வாக்கர் திரும்ப வேண்டும் என்று கதவுக்கு நாலடி அகலம் விட்டிருந்தார். நான் அன்று சும்மா பார்க்கப் போயிருந்தேன், அதாவது குறை சொல்ல. கொத்தனாரிடம் மணல் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பாதியார் வந்தார். ஒரு கையில் மடித்த பத்திரம், இன்னொரு கையில் இரும்பு டேப். அக்கா உபசாரத்துக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுக்கச் சொன்னாள்.

"நல்ல வேலைப்பாடு" என்றார் சுவரைத் தடவி. "இதுல பாதி எவ்வளவு வரும்னு தம்பிதான் மதிப்பு போட்டுச் சொல்லணும்."

"எதுல பாதி? இது முன்பக்க அறுபதடிக்குள்ள இருக்கு."

"இல்ல தம்பி. வீட்டுப் பின்சுவத்துல இருந்து மூணடி வரைக்கும்தான் உங்க அறுபது. மிச்ச ஏழடியும் என் நிபந்தனையில நிக்குது."

ஏழடி. கொல்லையில் என் எட்டுக்குக் குறைந்ததும் அதே ஏழடி. ஆனால் வாய் அதற்குள் ஓடிவிட்டது. பித்தலாட்டம், ஏமாற்று வேலை, வயசான காலத்தில் இது ஒரு பிழைப்பா, கோர்ட்டுக்கு இழுப்பேன், நாலு பேர் முன்னால் நாறடிப்பேன் என்று கத்தினேன். கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். பாதியார் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அத்தான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கேட்டுக்கு வெளியே, சாக்கடையின் தெருப்பக்க ஓரத்துப் பலகையை நெம்பித் தூக்கிப் புரட்டிப் போட்டார். உள்ளே கறுப்புச் சேற்றில் ஒரு கல் நின்றது. உச்சியில் வெட்டிய எழுத்தும் எண்ணும். தாய்ப் பத்திரத்தில் நான் விரலால் தட்டிக் காட்டிய அதே எண்.

"மச்சான், உங்க டேப்பைக் குடுங்க."

பையிலிருந்து எடுத்தேன். பிளாஸ்டிக் உறை கிழியவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தேன்.

"முனையக் கல்லு மேல வச்சுப் பிடிங்க."

தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். மண்டியிட்டேன். கல் ஆழத்தில் இருந்தது. முழங்கை வரை உள்ளே விட்டால்தான் எட்டியது. விட்டேன். அத்தான் டேப்பை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி, முன்கதவைத் தாண்டி உள்ளே போனார். கதவுகள் எல்லாம் ஒரே நேராக இருந்ததால் கொல்லை வரை எனக்குத் தெரிந்தது. நடுவில் முன்னறையில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டேப் தொய்ந்து தரையில் படாமல் இருக்க ஒரு விரலால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலுக்கடியில் அது நகர்ந்து நகர்ந்து போனது.

அத்தான் கொல்லையிலிருந்து என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

"என்னக்கா சொல்றார்?"

அக்கா திரும்பிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மூணு அடிங்கறார்டா."

"மறுபடியும் பாக்கச் சொல்லு."

மறுபடியும் பார்த்தார். மூணடிதான். வங்கி அடமானம் எடுத்த அறுபதடியில் ஏழடி தெருச் சாக்கடை. அந்த அம்மாள் அதற்கும் சேர்த்துத்தான் முத்திரை குத்தியிருந்தார். பின்வீட்டுக்காரன் யார் இடத்தையும் விழுங்கவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்த ஏழடி, அக்காவின் கட்டிலும் ஜன்னலும் நின்ற ஏழடி.

பாதியார் வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். நான் இன்னும் சாக்கடையில் கை வைத்தபடிதான் இருந்தேன்.

"இந்தத் தெருவுக்குச் சாக்கடை கட்டினதே நான்தான் தம்பி. ரோட்டுக்கு எடம் எடுத்து எல்லார் கேட்டையும் ஏழடி உள்ள தள்ளினப்ப, கல்லுக்கு மேல பலகை போட்டு மூடினது நான்தான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்க அத்தான் சொன்னாரே. நீங்கதானே கேக்கல."

கையை வெளியே எடுத்தேன். முழங்கை வரை கறுப்பாக இருந்தது.

மதிப்பில் பாதி கொடுக்க வழி கிடையாது. கடன் வாங்கியதெல்லாம் வீட்டுக்கே சரியாகிவிட்டது. இடித்துவிட்டால்? "இன்னைக்கே எடுத்துட்டா நான் பாக்கலைன்னு வச்சுக்கறேன். எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு" என்றார் பாதியார். போகும்போது தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, பாதி உடைத்துத் தின்றுவிட்டு, மறு பாதியை அக்காவின் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அத்தான் அன்று சாயங்காலமே சுவரைப் பிரித்தார். ஒரு செங்கல் உடையாமல், ஒவ்வொன்றாகக் கிளப்பி, ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டி அடுக்கினார். நானும் சுரண்டினேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. "கை கழுவிட்டீங்களா மச்சான்? சாக்கடைத் தண்ணி, புண்ணாயிடும்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்தச் செங்கல்லெல்லாம் வீட்டுக்கு முன்னால் நிற்கிறது. நிபந்தனை இல்லாத மண் என்று வேறு எங்கே இருக்கிறது? கேட்டுக்கும் முன்கதவுக்கும் நடுவில் பதினாலடி வாசல் கிடந்தது, அதில் கட்டினார் குளியலறையை. முன்னறைதான் அக்காவின் படுக்கையறை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கழிப்பறைக் கதவைப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு, அவள் கட்டிலை உரசிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தெருவில் போகிற பிள்ளைகள் அதைக் காட்டிச் சிரிக்கின்றன. அவள் ராத்திரியில் எழுந்தால் மழையிலும் பனியிலும் ஆறடி வெளியே நடக்க வேண்டும். அத்தான் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடப் போகிறார். யாரையும் எழுப்பாமல் போய்வர வேண்டும் என்றாளே, அது நடக்கவில்லை.

நான் இப்போது டேப் இல்லாமல் எந்த மனைக்குள்ளும் போவதில்லை. முதலில் கல்லைத் தேடுகிறேன். இளம் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், குனிந்து குனிந்து போகிறேனாம்.

போன வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் வந்திருந்தாள். வாசல் குளியலறையைப் பார்த்துவிட்டு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"இவன்தான் என் தம்பி. பேங்க்காரங்களே இவன்கிட்டத்தான் கேப்பாங்க. இந்த வீட்டை அளந்து, லோன் வாங்கிக் குடுத்ததே இவன்தான். இல்லைன்னா நான் இன்னும் அந்த மூணாவது மாடியிலதான் கெடப்பேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, குத்தல் இல்லை, நிஜமாகவே பெருமைப்பட்டுச் சொன்னாள். ஒரு சொட்டுக் கேலி இருந்திருந்தால் கூட நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். எழுந்து, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று வாசலுக்குப் போனேன்.